பீட் மில்லில் அரவை நேரம் 9 மணியிலிருந்து 12 மணியாகிவிட்டது: எதை முதலில் பார்ப்பது?

கல்மாவு:
வணக்கம். கால்சியம் கார்பனேட் ஸ்லரி (பவுடரும் தண்ணீரும் கலந்த குழம்பு) அரைக்கிற கிடைமட்ட டிஸ்க் மில்; சேம்பரில் நிறைந்த சின்ன மணிகளை (பீட்) டிஸ்க்குகள் சுழற்றி மோதவிட்டுத் துகளை நசுக்கும். விவரம் கீழே.

- சேம்பர் 60 லிட்டர் (பிளேட்டில் உள்ளபடி), மோட்டார் 45 கிலோவாட், 875 ஆர்பிஎம்
- டிஸ்க் விட்டம் புதிதில் 240 மி.மீ.
- சிர்கோனியம் சிலிகேட் பீட், 1.2 மி.மீ.
- ஸ்க்ரீன் (பீட்டை உள்ளே நிறுத்தி ஸ்லரியை மட்டும் வெளியே விடுவது) இடைவெளி 0.4 மி.மீ.
- 400 மெஷ் பவுடர், 70% திடம், பாலிஅக்ரிலேட் டிஸ்பர்ஸன்ட் (துகள் திரளாமல் வைப்பது)
- டேங்கில் 1500 லிட்டர் ஸ்லரி, மணிக்கு 1500 லிட்டர் வேகத்தில் சுற்றோட்டம்
- இலக்கு: 2 மைக்ரானுக்குக் கீழே 90%

முன்பு ஒரு பேட்ச் 9 மணி நேரம். இப்போது அதே நுண்மைக்கு 12 மணி. பவுடர் மாறவில்லை, திடமும் மாறவில்லை. ஆர்பிஎம்-ஐ ஏற்று என்கிறார் ஒருவர், பீட் சைஸைக் குறை என்கிறார் இன்னொருவர், பம்ப்பை மெதுவாக ஓட்டினால் நன்றாக அரையும் என்கிறார் மூன்றாமவர். எதில் கை வைப்பது?

பீட்மில்_பாண்டி:
எதிலும் கை வைக்காதீங்க சார், முதலில் மீட்டரைப் பாருங்க. முன்பு எத்தனை கிலோவாட் இழுத்தது, இப்போது எத்தனை? பீட் இல்லாமல் சும்மா சுற்றும்போது எத்தனை? மணிக்கணக்கு திறனுக்கான அளவே இல்லை. ஒரு டன் உலர் பொருளுக்கு எத்தனை நிகர யூனிட் (சும்மா சுற்றும் லோடைக் கழிச்ச மின்சாரம்) போனது என்பதுதான் அளவு.

கல்மாவு:
லாக் புக் படி முன்பு 38 கிலோவாட், இப்போது 32. பீட் இல்லாமல் தண்ணீரோடு சுற்றினால் 6.

பீட்மில்_பாண்டி:
போதும், கணக்கு போட்டுடலாம்.

70% திடம் என்றால் ஸ்லரி அடர்த்தி லிட்டருக்கு ஏறக்குறைய 1.79 கிலோ (கால்சைட் 2.7 என்று வைத்து). 1500 லிட்டரில் உலர் பொருள் 1.88 டன்.

முன்பு: (38 − 6) × 9 = 288 யூனிட். டன்னுக்கு 153.
இப்போது: (32 − 6) × 12 = 312 யூனிட். டன்னுக்கு 166.

நேரம் மூன்றில் ஒரு பங்கு கூடியிருக்கு. ஆனா டன்னுக்கான நிகர மின்சாரம் கூடினது 8% மட்டும். அதாவது உங்க அரவைத் திறன் பெரிசா விழவில்லை. மில் மின்சாரத்தையே வாங்கவில்லை. வாங்கினால்தானே அரைக்கும்? பீட் குறைஞ்சிருக்கணும், இல்லேன்னா டிஸ்க் தேஞ்சிருக்கணும். பெரும்பாலும் இரண்டும் சேர்ந்துதான் வரும்.

நேரம் கூடுவது வேறு, டன்னுக்கு யூனிட் கூடுவது வேறு. முதல் வகை மெயின்டனன்ஸ் கேஸ். இரண்டாவது வகைக்குத்தான் பீட் சைஸ், வேகம், டிஸ்பர்ஸன்ட் எல்லாம் பார்க்கணும்.

விஎஃப்டி_விஜி:
விஎஃப்டி டிரைவ் (மோட்டார் வேகத்தை மாத்துற கருவி) இருந்தா 1000 ஆர்பிஎம் வெச்சு ஓட்டிடலாமே. உடனே லோடு ஏறும், பழைய நேரத்துக்கு வந்துடும். டிஸ்க் மாத்துற செலவு மிச்சம்.

பீட்மில்_பாண்டி:
லோடு ஏறும் விஜி, எவ்வளவு ஏறும்னு பாருங்க. கொந்தளிப்பான ஓட்டத்தில் பவர் வேகத்தின் மும்மடியோடு போகும். 1000/875-இன் மும்மடி 1.49. இப்போதைய 26 கிலோவாட் நிகரம் 39-க்குப் போகும். சும்மா சுற்றும் லோடும் 6-இலிருந்து கூடும். மொத்தம் 45-ஐத் தொட்டுடும், மோட்டாருக்கு மூச்சுவிட இடமில்லை. புது டிஸ்க் போட்ட பிறகு அதே செட்டிங்கை யாராவது விட்டுவெச்சா நேரா டிரிப்.

அதைவிடப் பெரிய காரணம் வேறு இருக்கு, சாயங்காலம் எழுதறேன்.

ரோட்டரிசீல்:
மெயின்டனன்ஸ் பக்கத்திலிருந்து. மூன்று விஷயத்தை அளந்து போடுங்க கல்மாவு.

ஒன்று, டிஸ்க் விட்டம். எல்லா டிஸ்க்கையும் தனித்தனியா வெர்னியரில். டிஸ்சார்ஜ் பக்கம் உள்ள கடைசி இரண்டு டிஸ்க் மற்றதைவிட அதிகமா தேஞ்சிருந்தா, பீட் அந்தப் பக்கம் ஒதுங்குதுன்னு அர்த்தம். ஓட்ட வேகத்தைக் குறைக்கணும் அல்லது விஸ்காசிட்டியை (ஸ்லரியின் கெட்டித்தன்மையை) பார்க்கணும்.

இரண்டு, பீட் எடை. முழுசா இறக்கி, தண்ணீரில் அலசி, காயவெச்சு எடை போடணும். ஈரத்தோடு எடை போட்டா கணக்கு தப்பிடும். பிறகு 0.8 மி.மீ. சல்லடையில் சலிச்சு, கீழே விழுவதை எல்லாம் ஒதுக்கிடுங்க. ஸ்க்ரீன் இடைவெளியின் இரு மடங்குக்குக் கீழே தேஞ்ச பீட் ஸ்லாட்டில் ஆப்பு மாதிரி மாட்டிக்கும். உடைஞ்ச அரைவட்டத் துண்டு, முட்டை வடிவம் இதெல்லாம் கண்ணில் பட்டா அந்த லாட்டையே சந்தேகப்படுங்க. கூரான துண்டு லைனரையும் டிஸ்க்கையும் சீவித் தள்ளும்.

மூன்று, சேம்பரின் உண்மையான கொள்ளளவு. பிளேட்டில் 60 லிட்டர்னு இருக்கும், அதில் ஷாஃப்ட்டும் டிஸ்க்கும் இடம் அடைச்சிருக்கும். பீட் இல்லாத சேம்பரில் தண்ணீர் நிரப்பி எத்தனை லிட்டர் பிடிக்குதுன்னு அளங்க. பல இடத்தில் 60 × 0.8 = 48 லிட்டர் பீட்னு போட்டுடறாங்க. உண்மைக் கொள்ளளவு 50 லிட்டர்தான்னா அது 96% நிரப்பு. ஸ்டார்ட் ஆகும்போதே ஆம்ப்ஸ் உச்சிக்குப் போய் நிற்கும், சேம்பர் கொதிக்கும், பீட் ஒன்றையொன்று அரைச்சுக்கும்.

கல்மாவு:
நன்றி சார். அளந்து போடுகிறேன். எத்தனை சதவீதம் நிரப்புவது சரி?

ரோட்டரிசீல்:
கிடைமட்ட மூடிய மில்லுக்கு உண்மைக் கொள்ளளவில் 75 முதல் 85. 80-இல் ஆரம்பிங்க. 50 லிட்டர்னா 40 லிட்டர் பீட். சிர்கோனியம் சிலிகேட் குவியல் எடை (பீட்டுகளுக்கு நடுவே உள்ள இடத்தையும் சேர்த்து) லிட்டருக்கு சுமார் 2.4 கிலோ, அப்போ 96 கிலோ. அதே 40 லிட்டர் யிட்ரியா சிர்கோனியா (அதைவிடக் கனமான பீட்) என்றால் 3.7 வீதம் 148 கிலோ. இந்த இரண்டையும் மாத்திப் போடும்போது கிலோ கணக்கை அப்படியே வெச்சுக்கிட்டு மாட்டிக்கிறவங்க உண்டு. லிட்டர் கணக்குதான் நிரப்பு.

70%-க்குக் கீழே போனா பவர் சட்டுனு விழும். பீட்டுகளுக்கு நடுவே இடம் கூடி, துகள் மாட்டாமலே ஸ்லரி தாண்டிப் போகும்.

பீட்மில்_பாண்டி:
விஜிக்குச் சொல்ல வேண்டியது பாக்கி இருந்தது. இந்தத் திரெட்டின் மையமே இதுதான் என்பது என் கட்சி.

ஒரு பீட் இன்னொன்றோடு மோதி நடுவில் துகளை நசுக்கும்போது அதிகபட்சம் எவ்வளவு ஆற்றல் கொடுக்க முடியும்? ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் பல்கலைக்கழகத்தில் ஆர்னோ குவாடே வளர்த்தெடுத்த அழுத்த மாதிரியில் இதற்கு எளிமையான அளவு இருக்கு: பீட் விட்டத்தின் மும்மடி × பீட் அடர்த்தி × டிஸ்க் விளிம்பு வேகத்தின் இருமடி. இதை அழுத்த ஆற்றல் என்று வெச்சுக்குவோம். இன்னொரு பக்கம், மொத்தம் எத்தனை முறை அழுத்தம் நடக்குது என்கிற எண்ணிக்கை. அரவை என்பது இந்த இரண்டின் கணக்கு.

உங்க மில்: 240 மி.மீ. டிஸ்க், 875 ஆர்பிஎம், விளிம்பு வேகம் நொடிக்கு 11 மீட்டர்.

1.2 மி.மீ. சிலிகேட் (அடர்த்தி 4000): 0.84 மில்லிஜூல்
0.8 மி.மீ. சிலிகேட்: 0.25 மில்லிஜூல்
0.8 மி.மீ. யிட்ரியா சிர்கோனியா (அடர்த்தி 6000): 0.37 மில்லிஜூல்

1.2-இலிருந்து 0.8-க்கு வந்தா அடியின் பலம் மூன்றில் ஒன்றுக்கும் கீழே. ஆனா அதே லிட்டரில் பீட் எண்ணிக்கை 3.4 மடங்கு. கால்சைட் மோஸ் அளவில் 3 தான், மென்மையான கல். அதுவும் சில மைக்ரான் அளவுக்கு வந்த பிறகு ஒரு துகளை உடைக்கத் தேவையான ஆற்றல் மிகச் சின்னது. 0.84 மில்லிஜூல் கொடுத்தா தேவைக்கு மேல் உள்ளது அத்தனையும் சூடாப் போகுது. எண்ணிக்கையைக் கூட்டினால்தான் பலன்.

இப்போ விஜியின் 1000 ஆர்பிஎம். விளிம்பு வேகம் ஏற ஏற அடியின் பலம் அந்த வேகத்தின் இருமடியோடு கூடும். ஏற்கெனவே தேவைக்கு மேல் இருக்கிற அடியை இன்னும் 30% பலமாக்கறீங்க. மணிக்கு உற்பத்தி கூடும், மறுக்கலை. டன்னுக்கு யூனிட் மோசமாகும். பீட் தேய்மானமும் டிஸ்க் தேய்மானமும் அதைவிட வேகமா ஏறும், ஸ்லரி வெண்மை குறையும்.

அதனால பீட் அளவு, அடர்த்தி, வேகம் மூணும் மூணு தனித்தனி திருகு இல்லை. ஒன்றைத் திருகினா மற்றதும் சேர்ந்து நகரும். சின்ன பீட்டுக்கு மாறும்போது வேகத்தைக் கொஞ்சம் ஏத்தலாம். பெரிய பீட்டை வெச்சுக்கிட்டு வேகத்தை ஏத்துவது காசைக் கரைக்கிற வேலை.

பெயின்ட்லேப்:
அப்படியென்றால் 0.3 மி.மீ. போட்டால் இன்னும் நல்லதா? பிக்மென்ட்டுக்கு நாங்கள் அப்படித்தான் போடுகிறோம்.

பீட்மில்_பாண்டி:
கீழே ஒரு தரை இருக்கு. அடி போதாமல் போனால் துகள் உடையாமல் சும்மா உருண்டு போகும், யூனிட் மட்டும் ஓடும். பிக்மென்ட்டில் நீங்க செய்வது பெரும்பாலும் கட்டி பிரிப்பது, ஏற்கெனவே நுண்ணிய துகள் ஒட்டிக்கிட்டு இருப்பதைப் பிரிக்கிறீங்க. இவர் செய்வது கல்லை உடைப்பது.

கைக்கணக்கு: ஊட்டத்தில் உள்ள பெரிய துகள் பீட் விட்டத்தில் பத்தில் ஒன்றுக்கு மேல் இருக்கவே கூடாது, இருபதில் ஒன்று என்றால் நிம்மதி. 400 மெஷ் என்பது 38 மைக்ரான். அதன் இருபது மடங்கு 0.76 மி.மீ. அதனால் இவருக்கு 0.8 கடைசிப் படி. சல்லடை கிழிஞ்சு 60 மைக்ரான் துகள் கொஞ்சம் உள்ளே வந்தாலும் 0.8 பீட் அதைச் சரியாப் பிடிக்காது. டி50 (பாதித் துகள் இதற்குக் கீழே என்கிற அளவு) அழகா இறங்கும், டி98 (98% துகள் இதற்குக் கீழே) மட்டும் அப்படியே நிற்கும். அந்த வால் தெரிஞ்சா பீட் சிறிசா இருக்குன்னு அர்த்தம்.

தாதுப்பொடி_பெர்த்:
தாது அரவைப் பக்கத்திலிருந்து ஒரு ஒப்பீடு. ஆஸ்திரேலியாவின் மெக்ஆர்தர் ரிவர் ஈய-துத்தநாகப் படிவத்தில் தாது மிக நுண்ணியதாகப் பின்னியிருப்பதால் 80% துகள் 7 மைக்ரானுக்குக் கீழே வர வேண்டியிருந்தது. வழக்கமான உருளும் பால் மில்லில் அது கட்டுப்படியாகாது. டிரம்மின் சுற்றுவேகம் ஒரு எல்லையைத் தாண்டினால் பந்துகள் சுவரோடு ஒட்டிக்கொள்ளும், எனவே சின்னப் பந்துக்குப் போதிய விசை கொடுக்க வழியில்லை. பெயின்ட் தொழிலின் கிடைமட்ட பீட் மில்லை எடுத்து மவுன்ட் ஐசா மைன்ஸும் நெட்ச் நிறுவனமும் பெரிதாக்கியதுதான் ஐசாமில். முதல் முழு அளவு மில் 1994-இல் மவுன்ட் ஐசாவில் ஓடியது. பிறகு 10,000 லிட்டர் சேம்பருக்கும் வளர்ந்தது.

அங்கே நாங்கள் எந்த முடிவையும் ஒற்றை அளவை வைத்து எடுப்பதில்லை. 4 லிட்டர் சோதனை மில்லில் ஒரே ஸ்லரியை மீண்டும் மீண்டும் செலுத்தி, ஒவ்வொரு பாஸுக்கும் (மில் வழியே ஒரு தடவை போவது) நிகர யூனிட்டையும் துகள் அளவையும் குறித்து, இரண்டையும் லாக்-லாக் தாளில் (இரு அச்சும் மடக்கை அளவில்) வரைவோம். ஏறக்குறைய நேர்கோடு வரும். பீட் மாற்றினால் கோடு மேலே போகிறதா, கீழே வருகிறதா, சரிவு மாறுகிறதா என்று பார்த்தால் விவாதம் முடிந்தது. கல்மாவு தன் 60 லிட்டர் மில்லிலேயே இதைச் செய்யலாம்: மணிக்கு ஒரு சாம்பிள், அந்த நேரத்து யூனிட் மீட்டர்.

பெயின்ட்லேப்:
சாம்பிள் எடுக்கும்போது ஒன்று. லேசர் கருவியில் போடுவதற்கு முன் டிஸ்பர்ஸன்ட் கலந்த தண்ணீரில் நீர்க்கச் செய்து, ஒவ்வொரு முறையும் ஒரே நேரம் அல்ட்ராசோனிக் கொடுங்கள். வெறும் தண்ணீரில் போட்டால் துகள் திரண்டு, அரையவே இல்லை என்று கருவி பொய் சொல்லும்.

பேசப்படாத விஷயம் விஸ்காசிட்டி. அரைய அரையப் புதிய பரப்பு உண்டாகிறது. ஆரம்பத்தில் போட்ட பாலிஅக்ரிலேட் முழுவதையும் அது இழுத்துக்கொள்கிறது. ஆறாவது, ஏழாவது மணியில் ஸ்லரி கெட்டியாகும். கெட்டியான ஸ்லரியில் பீட் நகராது. மோதுவதற்கு முன்பே திரவம் அதன் வேகத்தைத் தின்றுவிடும், துகள் நசுங்காமல் வழுக்கி வெளியேறும். அந்த நேரத்தில் மீட்டர் பவரை நன்றாகவே காட்டலாம், ஏமாறாதீர்கள். அது திரவத்தைப் பிசைகிற பவர்.

மருந்து: டிஸ்பர்ஸன்ட்டைப் பிரித்துப் போடுவது. பாதி அல்லது மூன்றில் இரண்டு பங்கு தொடக்கத்தில், மீதியை விஸ்காசிட்டி ஏறத் தொடங்கும்போது இரண்டு தவணையாக. ஃபோர்டு கப் (அடியில் துளையுள்ள அளவுக் கோப்பை) போதும், மணிக்கு ஒரு முறை அது வடிய எத்தனை நொடி என்று எண்ணுங்கள். மொத்தமாக அதிகம் போட்டால் உப்புச் செறிவு கூடி விஸ்காசிட்டி மறுபடி ஏறும், அதையும் பார்த்திருக்கிறோம்.

டேங்க் மூடி திறந்திருக்கிறதா? சூடான ஸ்லரியிலிருந்து தண்ணீர் ஆவியாகி 70% திடம் 72 ஆகியிருக்கலாம். இந்தச் செறிவில் இரண்டு சதவீதம் என்பது விஸ்காசிட்டியில் பெரிய தாவல். ஓவனில் போட்டு உறுதி செய்யுங்கள்.

விஎஃப்டி_விஜி:
அப்போ 60% திடத்துக்கு இறக்கிட்டா சிக்கலே இல்லையே?

பெயின்ட்லேப்:
இல்லை விஜி. மெல்லிய ஸ்லரியில் பீட்டுகளுக்கு நடுவே துகளே இல்லாமல் பீட்டும் பீட்டும் மோதும். தேய்மானம் கூடும், ஸ்லரி சாம்பல் நிறமாகும். பேட்சில் உலர் பொருளும் குறைகிறது, 1.88 டன் இருந்த இடத்தில் 1.45. விஸ்காசிட்டி கட்டுக்குள் இருக்கும் வரை திடம் எவ்வளவு உயரமோ அவ்வளவு நல்லது.

கல்மாவு:
பம்ப் வேகம் பற்றி யாரும் சொல்லவில்லையே. மெதுவாக ஓட்டினால் ஒரு பாஸில் அதிக நேரம் உள்ளே இருக்கும் என்பது சரிதானே?

பீட்மில்_பாண்டி:
ஒரு பாஸுக்குச் சரி, பேட்சுக்கு அர்த்தமில்லை. உண்மைக் கொள்ளளவு 50 லிட்டர், பீட் 40 லிட்டர் குவியல். அதில் திடப் பீட் 24 லிட்டர். மீதி 26 லிட்டர்தான் ஸ்லரிக்கு. மணிக்கு 1500 லிட்டர் ஓடினா ஒரு பாஸில் 62 நொடி. 3000 ஓடினா 31 நொடி, ஆனா இரண்டு மடங்கு பாஸ். 9 மணி நேரத்தில் ஒரு துகள் மில்லுக்குள் இருக்கும் மொத்த நேரம் 9 × 26/1500, சுமார் 9.4 நிமிஷம். பம்ப் எப்படி ஓடினாலும் அதே 9.4 தான்.

மாறுவது துகள் பரவல். மெதுவான ஓட்டத்தில் சிலது ஒரு முறைகூட மில்லைப் பார்க்காம டேங்க்கிலேயே சுத்தும், சிலது தேவைக்கு மேல் அரைபடும். வேகமான சுற்றோட்டத்தில் எல்லாம் பல முறை சிறிசு சிறிசா அரைபடும், பரவல் குறுகும். அதனால என் ஓட்டு வேகமான ஓட்டத்துக்குத்தான்.

ரோட்டரிசீல்:
ஒரு எல்லை வரைக்கும் பாண்டி அண்ணா. ஓட்டம் கூடினா பீட்டை ஸ்க்ரீன் பக்கம் தள்ளிக்கிட்டு வந்து அடைக்கும். சேம்பர் பிரஷர் ஏறும், ஸ்க்ரீன் பக்கத்து உறை கைவைக்க முடியாம சூடாகும், ஆம்ப்ஸ் ஊசி ஆடும். சின்ன பீட்டுக்கும் கெட்டியான ஸ்லரிக்கும் இது சீக்கிரம் வரும். 1500-இலிருந்து 200 லிட்டர் வீதம் ஏத்திப் பிரஷரைக் குறிச்சுக்கிட்டே போங்க. ஓட்டத்துக்கு ஏத்த மாதிரி பிரஷர் ஏறினா சரி, திடீர்னு செங்குத்தா ஏறினா ஒரு படி பின்னாடி வந்து நிறுத்துங்க. ஷாஃப்ட் சீலுக்குள் இருக்கும் திரவத்தின் பிரஷர் எப்பவும் சேம்பரைவிட 1 பார் மேலே இருக்கணும், இல்லேன்னா கல்மாவு சீல் முகத்துக்குள்ளே போயிடும். (உங்களைச் சொல்லலை சார்.)

கூலிங்கையும் பாருங்க. போகிற மின்சாரம் கிட்டத்தட்ட முழுசும் சூடுதான். 32 கிலோவாட்னா மணிக்கு 27,500 கிலோகலோரி. தண்ணீர் 5 டிகிரி ஏறலாம்னு விட்டா மணிக்கு 5,500 லிட்டர் ஜாக்கெட்டில் (சேம்பரைச் சுற்றியுள்ள தண்ணீர் உறை) ஓடணும். உப்புத் தண்ணீர் ஊரில் ஜாக்கெட்டுக்குள் படிவு கட்டி ஓட்டம் பாதியாகிவிடும், வெளியே ஒன்றும் தெரியாது.

கல்மாவு:
அளந்தாயிற்று.

உண்மைக் கொள்ளளவு 50 லிட்டர். பீட் உலர் எடை 81 கிலோ, அதில் 0.8 சல்லடைக்குக் கீழே 7 கிலோ. டிஸ்க் சராசரி 230 மி.மீ., கடைசி இரண்டு 227. ஓவன் சோதனையில் 9-ஆம் மணிக்குத் திடம் 71.5%.

பீட்மில்_பாண்டி:
புதிர் அவிழ்ந்தது. 81 கிலோ என்பது 34 லிட்டர், 68% நிரப்பு. டிஸ்க் 240-இலிருந்து 230: பவர் விட்டத்தின் ஐந்தாம் அடுக்கோடு போகும் என்று எடுத்தா அது மட்டுமே 0.81 மடங்கு, பழைய நிகரம் 32 கிலோவாட்டை (38 − 6) இப்போதைய 26 ஆக்கப் போதும். பீட்டும் கெட்டி ஸ்லரியும் நிறைஞ்ச சேம்பரில் அந்த அடுக்கு ஐந்தைவிடக் குறையும், அதனால் டிஸ்க்குக்குப் பாதி, பீட்டுக்குப் பாதின்னு பிரிச்சுக்கலாம். அந்த 8% கூடுதல் யூனிட்டுக்குத் திடம் ஏறினது ஒரு காரணமா இருக்கலாம்.

முதலில் பீட்டை மட்டும் சரி செய்யுங்க, டிஸ்க்கைத் தொடாதீங்க. ஒரே நேரத்தில் இரண்டையும் மாத்தினா எது எவ்வளவு கொடுத்ததுன்னு தெரியாது. சலிச்சு மிஞ்சிய 74 கிலோவோடு 22 கிலோ புதிது.

கல்மாவு:
அந்த 22 கிலோவை 0.8 மி.மீ. சிர்கோனியாவாகப் போட்டு மெதுவாக மாறிவிடலாமா? கைவசம் இருக்கிறது.

ரோட்டரிசீல்:
கூடவே கூடாது. சிர்கோனியா கடினம், சிலிகேட்டை அரைச்சு மாவாக்கிடும். அடர்த்தி வேற வேற, சேம்பரில் ஒரே மாதிரி பரவாது. வேற கம்பெனியின் சிலிகேட்டைக்கூடக் கலக்க வேண்டாம். டாப்-அப் எப்பவும் அதே தயாரிப்பு, அதே பொருள், ஆரம்பத்தில் போட்ட அதே 1.2. சின்னது தேய்மானத்தில் தானா உண்டாகும்.

பீட்மில்_பாண்டி:
0.8-க்கு மாறணும்னா முழு 40 லிட்டரும் ஒரே நாளில் மாத்துங்க. ஸ்க்ரீனையும் 0.25-க்கு மாத்தணும், இல்லேன்னா கொஞ்சம் தேஞ்சதுமே பீட் 0.4 ஸ்லாட்டில் மாட்டும். இடைவெளி பீட்டில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். சிர்கோனியாவில் பவர் கூடும், 70% நிரப்பில் ஆரம்பிச்சு மீட்டரைப் பார்த்துக்கிட்டே ஏத்துங்க. பழைய சிலிகேட்டோடு ஒரு பேட்ச், புது பீட்டோடு ஒரு பேட்ச், மணிக்கு ஒரு சாம்பிள். பெர்த் நண்பர் சொன்ன கோடு இரண்டையும் ஒரே தாளில் போட்டு இங்கே ஏத்துங்க.

தாதுப்பொடி_பெர்த்:
இரண்டு பேட்சுக்கும் ஒரே லாட் பவுடர். புது பீட்டை முதலில் தண்ணீரும் கழிவுப் பவுடருமாக இரண்டு மணி நேரம் குறைந்த வேகத்தில் ஓட்டி அலசிவிடுங்கள். புதுப் பீட்டின் மேல்தோல் உதிரும் தூள் முதல் பேட்ச் கணக்கைக் கெடுக்கும்.

கல்மாவு:
22 கிலோ சிலிகேட் ஆர்டர் போட்டாயிற்று. டேங்குக்கு மூடியும் அடித்தாயிற்று. சிர்கோனியா சோதனை 0.25 ஸ்க்ரீன் வந்த பிறகு.

ரோட்டரிசீல்:
ஸ்க்ரீன் ஆர்டர் போடும்போது ஓ-ரிங்கையும் சேர்த்துப் போடுங்க. பழைய ஓ-ரிங் உட்காராம விட்டா 0.8 பீட் அந்த வழியா டேங்க்குக்கு வந்து பம்ப் ஸ்டேட்டரைத் தின்னுடும்.